பல்லி முட்டைக்குக் காவல்

உழவர்கரையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் வாசற்கதவு ஒரு பிடிவாதக்காரக் கதவு. உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. வெளியே இருந்து பூட்டுவதென்றால்தான் பாடு. சாண் நீளத்துக்கு ஒரு இரும்புச் சாவி. அதை நுழைத்து இரண்டு சுற்றுச் சுற்றினால், கதவுக்குள்ளிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு இரும்பு நாக்கு வெளியே வந்து, நிலையில் இருக்கும் குழிக்குள் போய் உட்காரும். கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பங்களா ஒன்றை இடித்தபோது அந்தக் கதவை நிலையோடு பெயர்த்துக் கொண்டுவந்து மாட்டினார்களாம். மில்லுக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் தெருவில் எங்கள் வீட்டுக்கு மட்டும் அப்படி ஒரு ராஜக் கதவு.

வீட்டுக்கார அம்மாவின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் தெருவே அந்த அம்மாவை மாதாம் என்றுதான் கூப்பிடும். நாங்கள் குடிவந்த அன்றே மாதாம் விரலை ஆட்டிப் பிரெஞ்சும் தமிழுமாகச் சொல்லிவிட்டார்: "கதவுல மட்டும் ஒரு ஆணி அடிக்கக் கூடாது. நோன்! நாதாங்கி, சங்கிலி ஒண்ணியும் கூடாது. இருக்கற பூட்டப் பூட்டுங்க." அந்தப் பூட்டையும் நாங்கள் வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் பூட்டியதில்லை. நான் வாசல் ஓரம் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மில்லில் தறி ஓட்டினார். யாராவது ஒருவர் வீட்டில் இருப்போம். இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போகும் நாளில்தான் சாவிக்கு வேலை.

ஒரு வருஷம் தீபாவளித் தையல் குவிந்து இரண்டு மாசம் நான் வீட்டை விட்டு நகரவில்லை; அது ஓய்ந்த பிறகுதான் இரண்டு பேரும் எங்களுக்குத் துணி எடுக்கக் கிளம்பினோம். அவர் சாவியைச் சுற்றினார். 'நொறுக்'கென்று ஒரு சத்தம். அப்பளம் உடைகிற மாதிரி. சாவியைத் திருப்பி எடுத்துப் பார்த்தால், குழிக்குள் இரண்டு பல்லி முட்டை நசுங்கிக் கிடந்தது. கூழாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒன்றில் பல்லிக்குட்டி முழுசாக உருவாகியிருந்தது. கண், கால், கால்விரல் எல்லாம்.

"வெரலு கூட வந்துடுச்சே," என்றார் அவர். ஆறடி ஆள், மீசையை முறுக்கினால் தெருவில் நாய் ஒதுங்கும். அந்த மனுஷன் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். துணி எடுக்கவும் போகவில்லை, அன்று சாப்பிடவும் இல்லை. நசுங்கியதை ஒரு காகிதத்தில் வழித்து எடுத்துக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார். நானும் அழுதேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பசியோடு அழுதேன்.

அதற்கப்புறம் மாசி மகம் வந்தது. அதற்குள் பூட்ட வேண்டிய நாட்களில் எல்லாம் அவர் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார். நான் கேலி பேசுவேன். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமி பார்த்துவிட்டு, அப்படியே கருவடிக்குப்பத்தில் அவர் அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, சைக்கிள் கேரியரில் ஏறப் போகிறேன். விரலை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏ, டார்ச் எடுத்தா."

பார்த்தேன். வெள்ளைக் கொண்டைக்கடலை அளவில் இரண்டு முட்டை, பக்கத்தில் பக்கத்தில். ஒரு தடவை இரண்டு பிள்ளை போன இடம் என்று அந்தத் தாய்ப்பல்லிக்குத் தெரியவில்லை பாவம், திரும்பவும் அங்கேயே வந்து இட்டிருக்கிறது.

"எடுத்து வேற எடத்துல வெச்சிட்டா இன்னா?" என்றேன்.

"கை பட்டா செத்துடும். நம்ம கையால ரெண்டு போனது போதாதா? பொரிக்கற வரைக்கும் இந்தக் கதவப் பூட்டறதில்ல."

"அது எப்ப பொரிக்கும்?"

"எப்பவோ பொரிக்கட்டும்."

தெருவில் அப்போதுதான் ஒரு வீட்டில் பித்தளைக் குண்டானும் அண்டாவும் திருட்டுப் போயிருந்தது. என் வீட்டிலோ தையல் மெஷின், அவருடைய ரேடியோப் பெட்டி. புழக்கடைப் பக்கம் தெருவுக்கு வழியும் கிடையாது. திறந்து போட்டுவிட்டுப் போக முடியுமா? அவர் மட்டும் சாமி பார்க்கப் போனார். நான் பட்டுப்புடவையோடு வாசலில் உட்கார்ந்து பல்லி முட்டைக்குக் காவல் இருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையில் இருந்த பூவைப் பிய்த்துப் போட்டேன்.

ஆத்திரம் சாயங்காலம் வரைக்கும்தான். சாயங்காலம் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அன்றைக்கு நான் ஆட்டுக்கல் பக்கம் உட்காரவில்லை!

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் கருவடிக்குப்பம் போவது வழக்கம். அவர் போனதும் கட்டிலில் சாய்ந்துவிடுவார், அக்கா வஞ்சிரம் வறுத்துத் தட்டில் போடுவாள், தம்பி சாப்பிடுவார். நான் புழக்கடையில் அவர்கள் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கான மாவை ஆட்டிக்கொண்டிருப்பேன். ஆட்டி முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், "எந்தம்பி எளச்சிப் போய்ட்டான். நீ ஆக்கிப் போடறியா, மெஷினத்தான் மிதிக்கிறியா?" என்று ஒரு கேள்வி வரும். "அண்ணி, அவரு போன வாரத்த விட ரெண்டு சுத்து பெருத்திருக்காரு," என்று சொல்ல வாய் துடிக்கும். சொன்னதில்லை. சொல்லாத வார்த்தை எல்லாம் வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தின் மேல் விழும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே முந்திக்கொண்டேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க. உங்க அக்கா ஏங்கிப் போய்டுவாங்க. வூட்ட நான் பாத்துக்கறேன். இன்னா பண்றது, வாயில்லா ஜீவன்," என்றேன். அவருக்கு மனசு உருகிவிட்டது. போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஆஹா, அந்த ஞாயிறுகள்! ரேடியோவில் பாட்டு, பழைய சோறும் மாங்காயும், பாயை விரித்து வாசலுக்கு நேராக ஒரு தூக்கம். சாயங்காலம் அவர் திரும்பும்போது தூக்குப்பாத்திரத்தில் மீன் குழம்பும் வரும். மாவு ஆட்டாமலே மீன் குழம்பு.

சும்மா சொல்லக் கூடாது, முட்டையையும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம். அவர் மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு கொண்டுவந்து குழியில் மெத்தை மாதிரி அடைத்தார். "அது மூச்சு விட வேணாமா?" என்று நான் பிடுங்கிப் போட்டேன். எறும்பு வராமல் நிலையைச் சுற்றி மஞ்சள் தூள் தூவினேன். நல்ல நாளும் இல்லை, வாசலில் மட்டும் மஞ்சள் மணக்கும். ரவிக்கை கொடுக்க வருகிறவர்களிடம் "கதவ மெல்ல, மெல்ல" என்று கெஞ்சுவது என் வேலையாகிவிட்டது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் அவர் சாக்கை மடித்து இடுக்கில் வைத்தார். ஒரு நாள் ஈர்க்குச்சியோடு குழி முன்னால் குந்தியிருந்தார்.

"இன்னா பண்றீங்க?"

"கோழி அடைகாக்கும்போது முட்டையப் பெரட்டி வுடும் இல்ல? இதையும் ஒருத்தர் பெரட்டணுமே."

"பெத்தவளே இட்டுட்டுத் திரும்பிப் பாக்கல. நீங்க இன்னாத்துக்குப் பெரட்டறீங்க? குச்சியக் கீழ போடுங்க!"

போட்டார். ஆனால் நம்பவில்லை. "நீதான் பாகூர்ல பொறந்தவ, கோழி தெரியும். பல்லி தெரியுமா?" என்று முனகிக்கொண்டே போனார். பாகூரில் என் அப்பா பயிர் வைக்கிறவர். வீட்டில் கோழி உண்டு. பல்லியும் உண்டு. நாங்கள் அதை வளர்த்ததில்லை, அவ்வளவுதான்.

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவர் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் ரவிக்கையின் ஒரு கையைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடிக்கிறேன், நிலையில் என்னவோ அசைந்தது. குழியின் ஓரத்தில் ஒரு மூக்கு நுனி. நான் அப்படியே உறைந்துவிட்டேன். மூக்கு வந்தது, தலை வந்தது, உடம்பை விடத் தலை பெரிசு. கொஞ்ச நேரம் அப்படியே இருந்து ஊரைப் பார்த்தது. பிறகு சரசரவென்று முழுசும் வெளியே வந்து, வளையம் வளையமாகக் கோடு போட்ட வாலை ஒரு ஆட்டு ஆட்டிக்கொண்டு நிலையின் மேல் ஏறியது. தீக்குச்சி நீளம்கூட இல்லை. வெளிச்சத்தில் வயிறு கண்ணாடி மாதிரி தெரிந்தது. அரை மணி நேரத்தில் இன்னொன்றும் வந்தது. இரண்டும் ரேடியோப் பெட்டி இருந்த சுவர்ப் பக்கம் போய் மறைந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு நாங்கள் எதுவும் செய்யவில்லை, பூட்டாமல் இருந்தோம், அவ்வளவுதான். இருந்தாலும் என்னவோ நானே பெற்றுப் போட்ட மாதிரி ஒரு பெருமை.

அவரிடம் சொல்ல வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். மில் சங்கு ஊதியது. அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு, கால் கூடக் கழுவாமல், குழியில்தான் முதலில் குனிந்தார். ஓடுகள் இரண்டும் அங்கேயேதான் இருந்தன. குட்டிகள் பின்பக்கமாகக் கிழித்துக்கொண்டு வந்திருக்கும்போல. முன்னாலிருந்து பார்த்தால் முழு முட்டை மாதிரியே இருக்கும்.

"இன்னும் ஒண்ணியும் காணமா?" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

"ஒண்ணியும் காணம்," என்றேன்.

சொல்லிவிட்டேன். நாக்கு அப்படித் திரும்பிவிட்டது. ஒரு வாரம் போகட்டும், அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தது. அவரும் அதற்குள் அக்கா வீட்டுக்குப் போனால் மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வர ஆரம்பித்திருந்தார். "தனியா இருப்பியேன்னு வந்துட்டேன்," என்பார். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து தூக்குப்பாத்திரத்தைத் திறந்து சாப்பிடுவோம். அக்கா சொல்லி அனுப்பினாள்: "பல்லிக்கு இருக்கற மவுசு எனக்கு இல்லையா?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வைகாசியில் என் தம்பி கல்யாணம் வந்தது. பாகூரில் எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல். தம்பிக்கு நான் ஒருத்திதான் கூடப்பிறந்தவள். தாலியில் மூன்றாவது முடிச்சு நான்தான் போட வேண்டும். அப்பா தட்டில் பழம், வெற்றிலை, பத்திரிகை எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு மருமகனை நேரில் அழைக்க வந்தார்.

என் வீட்டுக்காரர் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு, "மாமா, தப்பா நெனைக்காதீங்க. அவள அனுப்பறேன். என்னால வர முடியாது. முட்டை இருக்கு," என்றார்.

"என்ன முட்டை?"

"பல்லி முட்டை மாமா. கதவப் பூட்டுனா செத்துடும். ரெண்டு உசுரு."

பொரித்து ஒரு மாசம் ஆகிறது என்று சொல்லலாம். சொன்னால் "அப்ப ஏன் கருவடிக்குப்பம் வரல?" என்று அவர் கேட்பார். அப்பா எதிரிலேயே கேட்பார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா தோளில் துண்டைச் சரி செய்துகொண்டு எழுந்தார். "எங்க, பாப்போம்," என்று குழி அருகே போய், விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி உள்ளே விடப் போனார்.

"தொடாதீங்க!" என்று நான் கத்தினேன். அதே நொடியில் அவரும் கத்தினார். அப்பா திடுக்கிட்டதில் துண்டு கீழே விழுந்தது.

"நாப்பது வருசமா பயிர் வெக்கிறேன். பல்லி முட்டைக்கு ஆள் காவல் வெச்சத இப்பத்தான் பாக்கறேன்," என்றார். சிரிப்பது மாதிரி சொன்னாரே தவிர முகம் விழுந்துவிட்டது. அவரைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அங்கே நின்று மெதுவாகக் கேட்டார்: "ஒன் சித்தப்பன் பேசனத மனசுல வெச்சிக்கினு இருக்காராம்மா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தை மாதம் தம்பியின் நிச்சயத்துக்கு இரண்டு பேரும் போயிருந்தோம். வீட்டு மாப்பிள்ளையான இவரை முதல் பந்தியில் உட்கார வைக்க மறந்துவிட்டார்கள். அது போதாதென்று சித்தப்பா, "மில்லுல நூல் பொறுக்கறவருக்குக் காத்திருந்து பழக்கம்தான், ரெண்டாம் பந்தியில குந்தட்டும்," என்று நாலு பேர் எதிரில் சிரித்தார். இவரும் சிரித்தார். மறந்துவிட்டார் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லப்பா, நெசமாவே முட்டைதான்," என்று அப்பாவை அனுப்பி வைத்தேன்.

அதற்கப்புறம் பத்து நாளும் எங்கள் வீட்டில் முட்டைப் பேச்சுதான். "மாசியில வெச்சது. இந்நேரம் பொரிச்சிருக்கும்," என்பேன் நான். "சிலது மூணு மாசம் ஆவும், நாலு மாசம் கூட ஆவும்," என்பார் அவர். "கூமுட்டையா இருந்தா?" என்பேன். "சேச்சே, அப்படிச் சொல்லாத, காதுல வுழும்," என்பார். நான் அந்தக் குழியைப் பார்த்துப் பல்லைக் கடிப்பேன். நானே தோண்டிய குழி மாதிரி இருந்தது அது. நலங்குக்கு முதல் நாளே வரச் சொல்லி அம்மா ஆள் அனுப்பினாள். நான் போகவில்லை. கடைசி வரைக்கும் பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அவர் என் புடவையைத் தானே இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உடைந்துவிட்டது.

"நான் போறேன். முடிச்சும் போடறேன். ஆனா அங்க ஒவ்வொருத்தரும் 'எங்க ஒன் வூட்டுக்காரரு'ன்னு கேப்பாங்க. பல்லி முட்டைக்குக் காவல் இருக்காருன்னு நான் சொல்லணும். சித்தப்பா சிரிப்பாரு. பந்தலே சிரிக்கும். போன தடவ சிரிச்சப்பவே எனக்கு வயிறு எரிஞ்சிது. நான் ஒண்ணும் கேக்காம இருந்துட்டேன், அது என் தப்பு. இன்னொரு தடவ உங்களப் பாத்து யாராச்சும் சிரிச்சா என்னால தாங்க முடியாதுங்க."

அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். கரியைக் கொட்டப் புழக்கடைக்குப் போனவர் நெடு நேரம் திரும்பி வரவில்லை.

விடிகாலையில் நான் குளித்துவிட்டு வந்தால், அவர் சரிகை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக நடுவீட்டில் நிற்கிறார். மீசையில் எண்ணெய் மினுங்குகிறது.

"நேரமாவுல? மொத பஸ்ஸப் புடிக்கணும்," என்றார்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் இடுக்கிலிருந்த சாக்கை எடுத்துப் போட்டார், கதவை இழுத்துச் சாத்தினார், சாவியை நுழைத்தார். விரலை விட்டுப் பார்க்கவில்லை. இரண்டு சுற்று. 'நொறுக்.'

காய்ந்த ஓட்டின் சத்தம். முதல் தடவை கேட்டதைப் போல இல்லை, வெறும் சருகு மிதிபடுகிற சத்தம்.

நான் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும், அது ஒரு வினாடி கழித்துத்தான் உறைத்தது. அவர் சாவியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பார்த்தேன். பல்லிக்குட்டிக்காக ஒரு நாள் முழுக்கச் சோறு தின்னாத மனுஷன், முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றார்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து?"

"சித்திரையிலயே. ராத்திரி ஷிப்ட் முடிச்சி காலையில வந்து ரேடியோவத் திருப்புனேன். பின்னால ரெண்டும் குந்திக்கினு இருந்துச்சு."

"அதுங்க வெளிய வந்தப்ப நான் எதிர்ல ஒக்காந்திருந்தேன்," என்றேன்.

தெருவில் பால்காரன் போய்க்கொண்டிருந்தான். அவன் நின்று பார்க்கும்படி நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சைக்கிள் நேராகப் போகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "வர்ற ஞாயித்துக்கெழம கருவடிக்குப்பம்," என்றார்.

"சரி," என்றேன். "ஆனா பாதி மாவு நீங்க ஆட்டணும்."

"எங்கக்கா எதிர்லயா?"

"உங்கக்கா எதிர்லதான்."

அவர் மீசையை நீவிக்கொண்டார். பாகூர் வருவதற்குள் தலையை ஆட்டிவிட்டார்.

முகூர்த்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். மூன்றாவது முடிச்சை நான் போட்டேன். முடிச்சு கச்சிதமாக விழுந்தது, ரவிக்கைக்குக் கொக்கி வைக்கிற கை அது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் முன்வரிசையில் அட்சதையோடு நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா நாலு ஆளுக்கு அந்தப் பக்கம் நின்றார். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"வாங்க மாப்ள! இன்னா, முட்டை பொரிச்சிடுச்சா?"

"நேத்துதான்!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னோம்.

அப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். அப்புறம் மருமகன் கையைப் பிடித்து, முதல் பந்தியில் முதல் இலைக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார்.